வரியைக் கொண்டு வா

2018 அக்டோபரில் சசி தரூர் தம் புதிய புத்தகம் வருவதை ட்விட்டரில் அறிவித்தபோது, 29 எழுத்துக் கொண்ட ஆங்கிலச் சொல் ஒன்றையும் சேர்த்து எழுதிவிட, நாடே அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக் கிடந்த அந்த வாரத்திலேயே அது வாட்ஸ்அப்பில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து எங்கள் மாரமங்கலத்து டீக்கடை பெஞ்சுக்கும் வந்து சேர்ந்தது. ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன். ஒன்றை எதற்கும் உதவாதது என்று மதிப்பிடும் செயலுக்குத்தான் அத்தனை நீளம். "இந்த ஆளு நம்ம ஏற்காட்டுல படிச்சவருங்க" என்று ஒருவர் சொன்னதும் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல்லில் பங்கு வந்துவிட்டது. சொன்னது மெய்தான். 1962இல் ஆறு வயதுப் பிள்ளையாக ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் சேர்ந்தவர் தரூர்; கொஞ்ச காலத்தில் பம்பாய்க்குப் போய்விட்டார். அந்த வயதில் எந்தச் சொல்லை இங்கே பொறுக்கியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஊருக்குப் பெருமைப்பட இவ்வளவு போதும். இதைவிடக் குறைவான காரணத்துக்கெல்லாம் ஊர்கள் வளைவு கட்டியிருக்கின்றன.

எனக்கோ அன்றைக்கு நினைவு வேறு பக்கம் ஓடியது. ஏனென்றால் இதே மலையில், மான்ட்ஃபோர்ட்டின் மணிச்சத்தம் கேட்காத தொலைவில், அந்தக் காலத்தில் ஆங்கிலச் சொற்களைச் சேர்க்க அலைந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மலை ஒன்றுதான், அதில் ஆங்கிலம் மட்டும் இரண்டு. ஒன்று, 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும் 1917இல் மான்ட்ஃபோர்ட்டும் வந்து குடியேறிய பிறகு, பியானோவும் கிரிக்கெட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையுமாக ஏரிப் பக்கத்தில் வளர்ந்தது. இன்னொன்று அதற்கும் மூத்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து தோட்டத்தோடு தோட்டமாக வேர் பிடித்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களின் வாயில் குடியிருந்த ஆங்கிலம் அது.

எனக்கு வாய்த்தது இரண்டாவதுதான். அரசுப் பள்ளியில் ஏ பி சி டி மூன்றாம் வகுப்பில்தான் தொடங்கும். அதற்குள் எங்கள் வீட்டில் ஆங்கிலம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அப்பா ஒரு கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். ஆனால் நாற்றங்காலை நர்சரி என்பார். பழத்தின் தோலை உரிப்பது பல்பர். தோலோடு காய்ந்தால் செர்ரி, தோல் உரித்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். நிழல் மரம் சில்வர் ஓக், அதன் கிளையைக் கழித்தால் ஷேடு எடுத்தாயிற்று. பேர் பதிகிற புத்தகம் செக்ரோல், அதை எழுதுகிறவர் ரைட்டர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு பார்ச்மென்ட் காயாது என்று சொல்லும்போது, அவர் ஆங்கிலம் பேசுகிறார் என்று அவருக்கும் தெரியாது, கேட்கிற எங்களுக்கும் தெரியாது. ஒரு தொழிலின் முழு அகராதியும் அவர்கள் நாக்கில் இருந்தது. மதிப்பெண் போட ஆளில்லாததால் அதை யாரும் ஆங்கில அறிவு என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

படிப்பதற்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பொட்டலம் கிடைத்தது. பங்களாக்களில் படித்து முடித்த ஆங்கிலப் பேப்பர்கள் எடைக்குப் போய், ஏற்காட்டுக் கடைத்தெருவுக்கு வந்து, பொட்டுக்கடலையும் சர்க்கரையும் மிளகாயும் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வரும். அம்மா சாமானை டப்பாவில் கொட்டி முடிப்பதற்குள் காகிதத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுப்புக்குள் போய்விடும். மடிப்புகளைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிய, இரண்டையும் பிரித்துப் பிரித்து வாசித்த அந்த வாசிப்பில் எந்தச் செய்திக்கும் தலை இருந்தால் வால் இருக்காது. ஒரு மந்திரி ஏதோ ஒன்றைக் கண்டிக்கத் தொடங்குவார், எதைக் கண்டித்தார் என்பது வேறு யார் வீட்டு மிளகாயோடோ போயிருக்கும். மிச்சத்தை நாமே யோசித்து முடித்துக்கொள்ள வேண்டும். உங்களில் கொஞ்சம் வயதானவர்களுக்கு இந்தப் படிப்பு பழக்கமாகத்தான் இருக்கும்; பஜ்ஜி சுற்றிய காகிதத்தில் படித்த அரைக்கதைக்கு இன்னும் முடிவு தேடிக்கொண்டிருப்பவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள்.

எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால் ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒன்று கைக்கு வரும். 1954இல் அதற்கு இந்தியப் பதிப்பு வந்த பிறகு மலை பங்களாக்களில் அது இல்லாத வராந்தா கிடையாது என்பார்கள். அதில் மாதாமாதம் ஒரு சொல்வளப் பகுதி வரும். அமெரிக்காவில் வில்ஃப்ரட் ஃபங்க் 1945இல் தொடங்கி வைத்தது அது. ஒரு சொல், அதற்கு நான்கு பொருள், சரியானதைத் தேர்ந்தெடு, விடை அடுத்த பக்கம். எனக்குக் கிடைத்த இதழ்களில் ஒன்றில் அந்த அடுத்த பக்கம் கிழிந்து போயிருந்தது. நான்கில் ஒன்று சரி என்பது தெரியும், எது என்பது தெரியாது. அந்தச் சொற்களை வருஷக்கணக்காக மனசில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கேயாவது ஒன்று எதிர்ப்பட்டால், காணாமல் போன ஆட்டைச் சந்தையில் கண்டவனுக்கு வருகிற சந்தோஷம் வரும். விடைப்பக்கம் கிழியாமல் வந்த இதழ்களின் சொற்களில் பாதி மறந்துவிட்டது. கிழிந்த இதழின் சொற்கள் இன்னும் கேட்ட மாத்திரத்தில் வரிசையாக வரும்.

ஒரு சொல்லைக் கண்ட இடம் மாரமங்கலம், அதன் பொருள் இருந்த இடம் வேறு. நடுவில் நடை, பஸ், மழை, பள்ளிக்கூட நாள், காட்டு வேலை எல்லாம் கிடந்தன. எங்களுக்குத் தெரிந்து அகராதி வைத்திருந்தவர் ஒருவர்தான்: கீழ்ப்பக்கத்துத் தோட்டத்தில் ரைட்டராக இருந்த பெரியவர். லிஃப்கோ அகராதி, முதுகு பிரிந்து, மாவுப்பசையும் துணியும் வைத்து ஒட்டியது. சம்பள நாளும் பட்டியல் நாளும் போக, ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவரைப் பிடிக்க முடியும். சொல்லைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நின்றால் அவர் அகராதியைத் தொடக்கூட மாட்டார்.

"எங்கப்பா பாத்த இத?"

"பேப்பர்லீங்கய்யா."

"தனியா வந்த வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்றது? அது இருந்த வரியைக் கொண்டு வா."

காகிதம் வீட்டில் இருக்கும். அல்லது அதற்குள் அடுப்புக்குள் போயிருக்கும். ஒரு வாரம் போச்சு. அந்த வயதில் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அகராதியைப் பிரித்து ஒரு வரி படித்தால் தீர்கிற காரியத்துக்கு இப்படி அலைக்கழிக்கிறாரே என்று வழியெல்லாம் கல்லை எத்திக்கொண்டு வருவேன். ஆனால் அடுத்த தடவையிலிருந்து வரியை முழுசாக எழுதி எடுத்துப் போகத் தொடங்கினேன். எழுதி எடுத்துக்கொண்டு நடக்கும்போது வேறு வேலை ஏது, அதையே சொல்லிக்கொண்டு நடப்பேன். சொல்லிக்கொண்டே நடந்தால், போய்ச் சேர்வதற்குள் பாதி பொருள் தானாகத் திறந்துவிடும். அவர் வரியை வாங்கிப் படித்துவிட்டு முதலில் கேட்பது, "நீ என்ன நினைக்கிற?" என்றுதான். நான் நினைத்ததைச் சொன்ன பிறகுதான் லிஃப்கோ திறக்கும்.

ஒரு சொல்லின் கதையை மட்டும் சொல்கிறேன். அபாண்டன். முதலில் அதைப் பார்த்தது கிரிக்கெட் செய்தியில். மழை வந்தது, ஆட்டம் அபாண்டன் ஆனது. மழை என்றால் ஆட்டம் நிற்கும், இதற்கு ரைட்டரய்யா எதற்கு என்று நானே அதற்கு நிறுத்துவது என்று பொருள் கட்டிவிட்டேன். பல மாதம் கழித்து இன்னொரு பொட்டலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அபாண்டன் செய்யப்பட்ட குழந்தை வந்தது. குழந்தையை எப்படி நிறுத்துவார்கள்? அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் அகராதியைத் திறக்கவில்லை, தோட்டத்து வரைபடத்தைத் திறந்தார். பழைய தாள். அதில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் சிவப்பு மையில் அதே சொல் எழுதியிருந்தது. தண்டு துளைப்பான் விழுந்து செடியெல்லாம் போய், இனிமேல் ஆள் விட்டுக் கட்டாது என்று விட்டுவிட்ட இடம். எனக்கு அந்த இடம் தெரியும். லாண்டானா மண்டி, காட்டெருமை படுத்துக் கிடக்கும் இடம். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அந்தக் குழிகளை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆட்டம், குழந்தை, அந்தக் காடு என்று மூன்றும் சேர்ந்த பிறகு அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இன்றைக்கும் அதை எங்கே படித்தாலும் சிவப்பு மை தெரிகிறது.

காப்பி எடுப்பு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரு செடியில் பழம் ஒரே நாளில் பழுக்காது. முன்பழம் பொறுக்க ஒரு சுற்று, பெரும் எடுப்புக்கு ஒன்றிரண்டு சுற்று, கடைசியில் மிச்சத்தை உருவ ஒரு சுற்று என்று அதே செடிக்கு அதே கை திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரே சுற்றில் உருவினால் கூடை நிறையும், பச்சைக்காயும் சேர்ந்து வந்து சரக்கு கெடும். சொல்லும் ஒரே சந்திப்பில் பழுப்பதில்லை.

மலையில் எங்களுக்குச் சொல் கொடுத்த இன்னொரு இடத்தையும் விட்டுவிடக் கூடாது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டம். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் பூவைப் பார்த்தார்கள், நான் பலகைகளைப் பார்த்தேன். குடுவைச் செடிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் இன்செக்டிவோரஸ் என்று ஒரு சொல். இன்செக்ட் தெரியும். பின்பாதி தெரியாது. ஆனால் கண்ணெதிரே குடுவை இருக்கிறது, அதன் வாயில் வழுக்குகிற விளிம்பு இருக்கிறது, உள்ளே செத்த எறும்பு மிதக்கிறது; பின்பாதி என்னவாக இருக்கும் என்று சொல்ல ரைட்டரய்யா தேவையில்லை. பிற்பாடு வோரஸ் என்று முடிகிற சொல் எது வந்தாலும் அது எதையோ தின்கிறது என்று பிடித்துக்கொள்ள முடிந்தது. எங்கள் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் தாவரவியலில் உண்டு, வெர்னோனியா சேவராயென்சிஸ்; அந்தப் பெயரைப் பிற்பாடு ஒரு புத்தகத்தில் பார்த்தபோது, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்த எங்கள் சாமி லத்தீனுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பட்ட மகிழ்ச்சியை எந்தச் சொல்லிலும் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் என்ன செய்தது என்றால், ஒரு பெரிய நன்மை செய்தது. அதை அது நன்மை என்றே நினைக்கவில்லை. நான்-டீடெய்ல் என்று ஒரு மெல்லிய புத்தகம். பாடப்புத்தகத்தை வரிவரியாகக் கூறுபோட்டு நடத்துவார்கள், நான்-டீடெய்லை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், வீட்டிலேயே படித்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். அதனாலேயே அது எங்களுடையதாக இருந்தது. டிரெஷர் ஐலண்டைச் சுருக்கி எளிய சொற்களில் எழுதிய புத்தகத்தை, மண்ணெண்ணெய் விளக்கில் புகை மூக்கில் ஏற ஏற ஒரே இருப்பில் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. கடலை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒற்றைக்காலன் சில்வர் எங்கள் ஓடை முக்கில் நிற்பான் என்று பயந்து அந்த வழியை விட்டுச் சுற்றிப் போயிருக்கிறேன்.

அந்த மெல்லிய புத்தகத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் வேலை பார்த்த ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டுப் போகிறார்கள். போகும்போது கையில் மிஞ்சுவது எதுவாக இருக்க வேண்டும் என்று யோசித்து, பேசத் தெரியாவிட்டாலும் தானாகப் படிக்கத் தெரிந்தால் போதும், அது வளரும் என்று முடிவுக்கு வந்தவர். அதற்காக எளிய சொற்களில் ஏறுவரிசையாக வாசிப்பு நூல்கள் எழுதினார். 1935இல் வெளிவந்த அவருடைய அகராதி 24,000 பதிவுகளுக்கு 1,490 சொற்களை மட்டும் வைத்தே பொருள் சொன்னது. 1953இல் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் கொடுத்தார். பெரிய சொற்களை விரும்புகிற எங்கள் ஊரில் இப்படி ஒருவர் சின்னச் சொற்களுக்காக வாழ்நாளைச் செலவழித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

ஏனென்றால் அப்புறம் வந்தது பெரிய சொற்களின் காலம். சேலத்துக்குக் கல்லூரிப் படிப்புக்கு இறங்கியதும் ஹாஸ்டலில் எல்லோர் தலைமாட்டிலும் நார்மன் லூயிஸ் இருந்தார். 1949இல் வெளிவந்த வேர்ட் பவர் மேட் ஈஸி. நல்ல புத்தகம், வேர்ச்சொல்லைப் பிடித்து ஏறக் கற்றுக்கொடுக்கும். பெரும்பாலான கைகளில் அது முதல் மூன்று அத்தியாயத்தோடு நின்றுவிட்டது என்பது அதன் குற்றமில்லை. அது போதாது என்று பட்டியல்கள் வந்தன. அமெரிக்கா போக ஜி.ஆர்.இ. எழுதுகிற அண்ணன்கள் பேரன்ஸ் புத்தகத்தின் சொற்பட்டியலை மொட்டை மாடியில் நடந்து நடந்து உருப்போட்டார்கள். துண்டு அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு பக்கம் சொல், ஒரு பக்கம் எதிர்ச்சொல். பஸ்ஸில் அட்டை, மெஸ்ஸில் அட்டை, சினிமா இடைவேளையில் அட்டை. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனையோ வீடுகளுக்கு ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டது அந்த அட்டைக்கட்டுதான். ஆனால் அங்கே சொல்லுக்கு வரி இல்லை. வரி இல்லாத சொல், தேர்வு முடிந்த மறுநாளே ரயில் ஏறிப் போய்விட்டது. பட்டியலை வைத்திருந்த தேர்வுகளே பிற்பாடு மனம் மாறின: 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ. எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டது, 2016இல் இன்னொரு அமெரிக்கத் தேர்வான எஸ்.ஏ.டி. யாரும் பயன்படுத்தாத சொற்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தெரிந்த சொல் ஒரு பத்தியில் எந்தப் பொருளில் வருகிறது என்று கேட்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை மாடியில் நடந்து தேய்ந்த பிறகு, ரைட்டரய்யா சொன்ன இடத்துக்கு அமெரிக்கா வந்து சேர்ந்தது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. நியூசிலாந்தில் பால் நேஷன் என்கிற மொழியறிஞர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பக்கத்தில் 100க்கு 98 சொல் தெரிந்திருந்தால் மிச்சம் இரண்டை வாசகரே ஊகித்துக்கொள்ள முடியும். நாவலையும் பத்திரிகையையும் அப்படிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்றார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம். அதாவது 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருந்தால் அந்த ஒன்றைச் சுற்றியிருக்கும் 49 சொற்கள் அதைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து காட்டும். வரிக்கு ஐந்து தெரியாவிட்டால் யாரும் யாரையும் காட்ட மாட்டார்கள். பொட்டலப் பேப்பரில் நான் மூச்சு முட்டியதும் நான்-டீடெய்லில் ஓடியதும் ஏன் என்பதற்கு இதுதான் பதில். தரூரும் தம் சொல்வளம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம், அகராதியை மனப்பாடம் செய்து அல்ல, சிறு வயதிலிருந்து ஓயாமல் படித்து வந்தது என்றுதான் சொல்கிறார். 29 எழுத்துச் சொல்லைப் பகிர்ந்த அளவுக்கு இந்தப் பதிலை யாரும் பகிரவில்லை.

இப்போது மலையில் எல்லாம் வந்துவிட்டது. பஸ் வருகிறது, டவர் வந்திருக்கிறது, மழை பெய்தால் டவர் படுக்கிறது. 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகள் தொடங்கின. நான் மூன்றாம் வகுப்பில் பார்த்த ஏ பி சி டியைத் தம்பி பேத்தி மூன்று வயதில் பாடிவிட்டாள். 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்ததிலிருந்து, எனக்கு ஒரு வாரமும் ஒரு மலைச்சரிவும் பிடித்த வேலை அவளுக்கு விரல் நுனியில் முடிகிறது. கேமராவைக் காட்டினால் பலகை முழுவதும் தமிழாகிவிடுகிறது. இதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. குறிப்பாக ஒன்றில்: அவளுக்கு ஒலி கிடைக்கிறது. எங்கள் தலைமுறைக்குப் புத்தக ஆங்கிலம் கண்ணால் மட்டும் வந்த மொழி. ஒரு சொல்லைப் பத்து வருஷம் எழுதிப் பழகிய பிறகும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூசிக்கொண்டு, சபையில் வேறு சொல்லைத் தேடி எடுத்துப் பேசியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். போனில் அமுக்கினால் ஒரு குரல் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லிக் காட்டுகிறது. அந்த 29 எழுத்துச் சொல்லை எங்கள் டீக்கடையில் முதலில் பிசகாமல் சொன்னது ஒரு எட்டாம் வகுப்புப் பையன்.

போனது என்னவென்றால், நடுவில் இருந்த அந்த நாட்கள். சொல்லைக் கண்டதற்கும் பொருளைக் கண்டதற்கும் இடையில், அதை வாயில் போட்டுக்கொண்டு நடந்த வழி. இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று மாடு மேய்க்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் ஓடிய யோசனை. அந்த நாட்களில்தான் சொல் எங்களுக்குச் சொந்தமானது. இது பழையதெல்லாம் நல்லது என்கிற கிழவன் பேச்சு அல்ல. அகராதி இல்லாத வீட்டின் வறுமையை நான் கொண்டாட மாட்டேன். என்னோடு பொட்டலக் காகிதம் படித்தவர்களில் பலர் அந்த வறுமையிலேயே படிப்பை விட்டுக் களத்துக்குப் போனார்கள்; அவர்களில் என்னைவிடக் கூர்மையானவர்கள் இருந்தார்கள். நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: போன் வந்ததும் புத்தகம் வந்தாயிற்று என்று நினைத்துவிட்டார்கள். பொருள் கொடுக்க ஒரு கருவி ஒவ்வொரு பையிலும் இருக்கிறது. பொருள் தேட வைக்கிற வரிகள்தான் இல்லை. பிள்ளைகள் கையில் ஆங்கிலம் வினாத்தாளாகவும் கைடாகவும் ஸ்டேட்டஸாகவும் இருக்கிறது, நூறு பக்கம் ஓடுகிற கதையாக இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு ஊருக்கே வந்துவிட்டதால், விடுமுறை நாட்களில் சில பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய சுருக்கக் கதைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். சுருக்கக் கதைகளில் தேறியவர்களுக்கு ஆர்.கே. நாராயணனின் ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ். 1935இல் வந்தது, நம்மூர்ப் பையன் ஒருவன் திங்கட்கிழமையை வெறுப்பதில் தொடங்குகிற கதைக்கு 50 சொல்லுக்கு ஒன்று என்கிற கணக்கு அழகாகப் பொருந்துகிறது. போனை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் நடக்காது. ஊகத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள் என்பது மட்டும்தான் பேச்சு. முதலில் எல்லோரும் முனகினார்கள். இப்போது ஊகத்துக்குத்தான் சண்டையே நடக்கிறது; போனில் பார்ப்பது பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி கடைசியில் வருகிறது, அதிலும் மேல்முறையீடு உண்டு.

போன வாரம் தம்பி பேத்தி போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, இதுக்கு ஆறு அர்த்தம் போட்டிருக்குது. எதுன்னு எடுத்துக்கறது?"

"எங்க பாத்த கண்ணு?"

"தெரியும், தெரியும், வரியைக் கொண்டு வரணும்" என்று புத்தகத்தை எடுக்க உள்ளே ஓடினாள். எடுத்துக்கொண்டு வந்து நின்று வரியை உரக்கப் படித்தாள். படித்து முடிக்கும்போதே ஆறில் நாலாவது என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் படித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. சுருக்கப்பட்ட டிரெஷர் ஐலண்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது அந்த வரி. இது முடிந்தால் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டேன். இதே கதைதான், ஆனால் சுருக்காதது, என்றாள். அது கஷ்டமாக இருக்கும், 1883இல் புத்தகமாக வந்தது, வரிக்கு இரண்டு மூன்று தெரியாத சொல் வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கதைதான் எனக்குத் தெரியுமே தாத்தா" என்றாள். அடுத்த தடவை சேலம் போகும்போது வாங்கி வர வேண்டும்.